சரிசெய்தாயிற்று

இல்லை இல்லை, ஷூவை அங்கேயே கழட்டிருங்க, தரையெல்லாம் பனியாயிடும். ம், உட்காருங்க. சாப்பிட ஏதாவது? உபசாரத்துக்குக் கேக்கலைம்மா. எங்க வீட்டுக்காரர் கர்ட் மாரடைப்புல போயி மூணு வாரமாச்சு, சர்ச்காரங்க கொண்டு வந்து குடுத்த உருளைக்கிழங்கு கேசரோல், அதான் அடுப்புல வச்சு சுட்டது, இன்னும் நாலு தட்டு ஃப்ரீசர்ல கிடக்கு. மின்னசோட்டாவுல துக்கத்துக்கு வேற ஒண்ணு சமைக்க யாருமே படிக்கலை போல.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். பேங்குகளை மேற்பார்க்கிற அரசாங்க ஆபீஸ்னு போன்லயே சொன்னீங்களே. பேங்க்ல இருந்த கோளாறு தீராமலே தீர்ந்துடுச்சுன்னு என் புருஷன் தெரிஞ்சே கையெழுத்துப் போட்டாரா? அதானே கேள்வி?

வீட்டுக்கடன் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி மனு குடுத்தவங்க காகிதத்தைத் தொலைச்சுட்டு, அவங்க வீட்டையே ஏலம் விட்ட பேங்க் அது. சரிபண்ற வரைக்கும் மேல இருக்கறவங்களுக்கு போனஸ் கிடையாதுன்னு உத்தரவு போட்டீங்க. நல்ல உத்தரவு. கன்னியாஸ்திரிங்ககிட்ட படிச்சவ நான், தண்டிக்கத் தெரிஞ்சவங்களை எனக்குப் பிடிக்கும். ஆனா சரியாயிடுச்சுன்னு சொல்ற வேலையை யார்கிட்ட குடுத்தீங்க? அதே பேங்க்ல சம்பளம் வாங்கற கர்ட்கிட்டதானே? அத்தனை பேர் போனஸும் இவரோட ஒரு கையெழுத்துல தொங்கிச்சு.

டுவைட்னு ஒரு மேலதிகாரி. டிசம்பர் பூரா தினம் போன். என்னப்பா கர்ட், இன்னுமா பாத்துக்கிட்டிருக்கே? உன் பொண்ணு காலேஜ் போக வேண்டாமா? தேனா பேசுவான். இவர் அசையலை. நாற்பது ஃபைலைத் தானே எடுத்துப் பாத்தார். ஒன்பது வீடு இன்னும் ஏலப் பட்டியல்ல இருந்துச்சு. முடியாதுன்னுட்டார்.

இப்போ அந்த டுவைட், எல்லாம் கர்ட் பாத்துக்கிட்டது, எங்களுக்கென்ன தெரியும்ங்கறான். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்வாரா?

அவர் குறிப்பு எழுதி வச்ச நோட்டுப் புத்தகமா? இந்தாங்க. ஒன்பது விலாசமும் இதுல இருக்கு. ஒரு வீட்டு வாசல்ல சக்கர நாற்காலிக்குச் சரிவு போட்டிருக்குன்னு ஓரத்துல எழுதியிருக்கார் பாருங்க. ஆமா, ஞாயித்துக்கிழமை காரை எடுத்துக்கிட்டு நேர்லயே போய்ப் பாத்துட்டு வந்தார், பைத்தியக்கார மனுஷன். ஜனவரியில அந்த வீடும் ஏலம் போயிடுச்சு.

அப்புறம் எப்படிக் கையெழுத்து விழுந்துச்சுங்கறீங்களா?

காகிதத்துல இல்லைம்மா அது. கம்ப்யூட்டர்ல ‘சரிசெய்தாயிற்று’ன்னு ஒரு பட்டன். டிசம்பர் கடைசியில, கெடு முடியற நாள் வீட்லேர்ந்துதான் வேலை பாத்தார். வாசல்ல பனி தள்ளப் போனவர் கம்ப்யூட்டரைத் திறந்தபடியே வச்சுட்டுப் போனார். போன் வேற விடாம அடிக்குது. அவரோட போனஸும் அதுலதான் நின்னுச்சு. எனக்குப் பொறுமையே கிடையாது, எப்பவுமே. அழுத்திட்டேன்.

உள்ளே வந்தவர் திரையைப் பாத்தார். என்னைப் பாத்தார். கையுறையைக்கூடக் கழட்டலை. காபி இருக்கான்னார். ஒரு போன் போட்டிருந்தா மாத்தியிருக்கலாம். போட்டா, யார் அழுத்தினதுன்னு கேப்பாங்களே. சாகறவரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

பேனாவை ஏம்மா கீழே வச்சுட்டீங்க? எழுதுங்க. என் பேர் மார்லீன். அழுத்தினது அவர் இல்லை, அவர் பொண்டாட்டின்னு தெளிவா எழுதுங்க.