நீலத்துக்கும் ரோஸுக்கும்

சட்டின்னு சொல்லாதீங்க நானா, சாடின்னு சொல்லுங்க. சட்டியில மீன் கொழம்பு வைக்கலாம். செடி வைக்கிறது சாடியில. ரெண்டும் மண்ணுதான், யாரு இல்லைன்னா? நீங்களும் நானும் கூட மண்ணுதான், அதுக்காகப் பேரில்லாமலா இருக்கோம்? சிரிங்க, சிரிங்க. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அச்சகத்துல ப்ரூப் பாத்தவ நான். பிழையக் கண்டா வாய் சும்மா இருக்காது. உங்க நர்சரி போர்டுல கூட மரக்கண்றுன்னு மூணு சுழி போட்டிருக்கு. ரெண்டு சுழிதான் போடணும். பஸ்ஸ விட்டு எறங்கினப்பவே பாத்தேன். சொல்லக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் உள்ள வந்தேன்.

சரி, அந்தப் பெரிய சாடியவே எடுங்க. சிமெந்து வேணாம், நான் இருக்கிறது மாடி வீடு. பிளாஸ்டிக்கும் வேணாம். அடியில ஓட்டை இருக்கா? கவுத்துக் காட்டுங்க. ம், இருக்கு.

வைக்கப்போறது பல்கனியில. கட்டுக்கலையில இருக்கேன். காலையில கொஞ்சம் வெயில் எட்டிப் பாக்கும், பொறகு முழுக்க நெழல். நல்ல எடத்துல காஸ் சிலிண்டர்தான் நிக்குது. வீட்டுல அடுப்பு, அலுமாரி, பொஸ்தகம் எல்லாம் போக மிச்சமிருக்கிற எடம் அவ்வளவுதான். சிலிண்டர நகத்திட்டு இத வைக்கணும்.

நடுவுல நிக்கப்போறது தெரியும் எனக்கு. நீல ஹைட்ரேஞ்சியா. அந்த மூலையில நாலஞ்சு வச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணு. நுவரெலியாவுல இருந்து வந்ததா? கண்டிச் சூட்டுக்கு வாடாதா? தண்ணி ஊத்துனா நிக்குமில்ல. ஊத்துவேன். நீங்க பாக்குற பார்வையிலேயே தெரியுது, இந்தம்மா செடி வளத்த ஆளில்லன்னு. உண்மைதான். செடி என் தங்கச்சியோட எலாக்கா. எனக்கு இதுல தெரிஞ்சதெல்லாம் எழுத்துக்கூட்டு மட்டுந்தான்.

சுந்தரி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் நானா. டவுன்ல புடவைக் கடையில, ரவிக்கைத் துணி வெட்டுற மேசையில நிப்பாளே, கண்ணாடி போட்டு, கழுத்துல இஞ்சி டேப்ப மாலை மாதிரி தொங்கவிட்டுக்கிட்டு? ஆ, அவதான். உங்க வீட்டுலயும் எடுத்திருக்காங்களா? உங்க மகளுக்கு, ஷிபானாவுக்கு, கலியாணத்துக்கா? பாத்தீங்களா! கண்டியில அவ கைபடாத ரவிக்கையே கெடையாது.

போன மாசம் போயிட்டா நானா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். தனியா திரும்பி வந்தேன்.

ஐயோ, கதிரை வேணாம். நின்னுக்கிட்டே பாக்குறேன், உக்காந்தா செடியெல்லாம் ஒரே மாதிரி தெரியும். அவ வச்சிருந்த சாடியெல்லாம் நான் தண்ணி ஊத்தி ஊத்தியே அழுக வச்சிட்டேன். ஒண்ணும் மிஞ்சல. அதனாலதான் இந்த ஒண்ணாவது சரியா அமையணும்னு கெலிஓயா வரைக்கும் பஸ் ஏறி வந்திருக்கேன். இது வாடக்கூடாது. அதவிட முக்கியம், மேச்சிங் தப்பக்கூடாது.

சாடி வைக்கிறதுக்கு சுந்தரி வச்சிருந்தது சேலைக் கணக்கு. நடுவுல ஒசரமா ஒண்ணு, அது சேலை. அதச் சுத்திக் குட்டையா, நெருக்கமா இன்னொண்ணு, அது ரவிக்கை. ஒரு பக்கமா வழிஞ்சு தொங்குறது முந்தானை. அவ ப்ளவுஸ்னுதான் சொல்லுவா, நான் ரவிக்கைன்னு திருத்துவேன். மூணும் ஒரே கலர்ல இருந்தா, நேர்ஸ்மாரு யூனிபோம்னு சொல்லுவா. மூணும் மூணு பக்கம் இழுத்தா, பெரஹரா ஊர்வலத்துக்கு ஜோடிச்ச யானைன்னுவா. ஒண்ணு பேசணும், ஒண்ணு கேக்கணும், ஒண்ணு போற வழிக்குப் போகணும்னு கணக்கு. எங்க வீட்டுல பேசுறது நானு, கேக்குறது அவ. போற வழிக்குப் போனதும் அவதான்.

அந்தப் பட்டு ரோஸா? வேணாம். அழகுதான், ஆனா அது வெயிலுக்கும் காய்ஞ்ச மண்ணுக்கும் பொறந்தது. ஹைட்ரேஞ்சியா தண்ணிக்கு அழுகிற பிள்ளை. ரெண்டையும் ஒரு சாடியில வச்சா ஒண்ணு குடிச்சுத் தெளியும், ஒண்ணு மூழ்கிச் சாகும். இதெல்லாம் என் அறிவில்ல. அவ பல்கனியில நின்னு சொல்லுவா, நான் பொஸ்தகத்துல இருந்து தலையத் தூக்காம ம் கொட்டுவேன். ம் கொட்டுனதெல்லாம் உள்ள எறங்கியிருக்குன்னு இப்பத்தான் தெரியுது.

கோலியஸ் காட்டுங்க, அந்தக் கலர் எலைச் செடி. நெழலுக்கும் நிக்கும், தண்ணியும் குடிக்கும். இந்த மஞ்சப்பச்சையா? ம்... நீலத்துக்கு நல்லாத்தான் இருக்கும். ரோஸ் கலருக்கு? ரோஸோட வச்சுப் பாருங்க, கண்ணுல குத்தாதா? இல்ல இல்ல, வாங்குறது நீலந்தான். கொழம்பல நானா, தெளிவாத்தான் கேக்குறேன். நீலத்துக்கும் சரிவரணும், ரோஸுக்கும் சரிவரணும். கடையில வந்து இப்படிக் கேட்டா சுந்தரி என்ன சொல்லுவா தெரியுமா? அக்கா, மொதல்ல சேலைய முடிவு பண்ணிட்டு வாங்கன்னுவா.

இந்தச் செங்கல் கலரும் வேணாம். பச்சை, சுத்தமா வேணாம். எலை பச்சையாத்தான் இருக்கும், அது தெரியும், நான் சொல்றது அந்தக் கிளிப்பச்சைய. அத அங்குட்டு வச்சிருங்க, கண்ணுல காட்டாதீங்க.

கோவமில்ல. சொல்றேன். அவள ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தப்போ, உடுத்திவிட்டது எங்க அண்ணன் பொண்டாட்டியும் பக்கத்து வீட்டு ஆளுகளும். அலுமாரியத் தொறந்து கைக்கு வந்தத உருவுனாங்க. மயில் நீலத்துல சேலை. அது சரி, அவளுக்குப் புடிச்ச கலர். அதுக்குப் போட்டது கிளிப்பச்சை ரவிக்கை. கண்டிக்கே ரவிக்கை பாத்துக் குடுத்தவளுக்கு! தச்சு முடிச்சதும் கண்ணாடியப் பாத்துட்டு, இதப் போட்டா என்னைத் தோட்டத்துல காக்கா வெரட்ட நிறுத்திருவாங்கன்னு அவளே ஒதுக்கி வச்ச ரவிக்கை அது. பின்னால, அதே தட்டுல, அந்தச் சேலைக்குன்னே தச்ச கருஞ்செவப்பு மடிச்சு இருந்துச்சு. யாரும் கைய உள்ள விட்டுப் பாக்கல.

சொன்னேன் நானா. சொல்லாம இருப்பேனா? இது தப்பு, மாத்துங்கன்னு சொன்னேன். சாவு வீட்டுலயும் ப்ரூப் பாக்குறியான்னு அண்ணன் மொறச்சாரு. இராமகிருஷ்ணன்னு பேரு, மெடிக்கல் கடை வச்சிருக்காரு, கெட்டவரில்ல. வந்தவங்க எல்லாம் என்னைப் பாத்தாங்க. பாவம், அதிர்ச்சியில உளறுதுன்னு ஒரு அம்மா தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அவ அப்படியேதான் போனா. பெரஹரா யானை மாதிரி.

ஆ! அது என்ன, அந்தப் பின்வரிசையில? அந்தக் கருஞ்செவப்புக் கோலியஸ். ஓரத்துல மட்டும் ஒரு கீத்து ரோஸ் ஓடுது, பாருங்க. இதுதான். இத நீலத்துக்குப் பக்கத்துல வைங்க. ம். ம். இதுல மூணு குடுங்க. முந்தானைக்கு அந்த ஐவி, வெள்ளைக் கரை போட்டது. பன்னம், அந்த ஃபேர்ன் செடி வேணாம், அதுக்கு சாம்பல் ஆகாது.

ஆமா, மண்ணுல கொஞ்சம் சாம்பல் சேக்கணும். கொஞ்சோண்டு. இவ்வளவுதான், ஒரு கோப்பை. இதுக நிக்கும்னு படிச்சேன், நீங்களும் சொல்லிட்டா மனசு ஆறும். நிக்குமா? சரி.

தெரியும் நானா. சாம்பல் போட்டா நீலம் நிக்காது, ரோஸாப் போயிரும். தெரிஞ்சுதான் கேக்குறேன். நம்ம மலைமண்ணு புளிச்ச மண்ணு, தேயிலைக்குத் தோதான மண்ணு. அதுல இது நீலமாப் பூக்கும். சாம்பல் புளிப்ப முறிச்சிரும். பள்ளிக்கூடத்துல லிட்மஸ் தாள் காட்டுவாங்களே, அதுக்கு அப்படியே தலைகீழ். இப்ப இருக்கிற பூ மாறாது, அடுத்த பூவுலதான் தெரியும். பாருங்க, வாடிக்கையாளர் ஏமாந்துபோகக் கூடாதுன்னு தடுக்குறீங்க. நல்ல மனுசன். போர்டுப் பிழைய மன்னிச்சிட்டேன்.

என்ன கேட்டீங்க? காஸ் அடுப்புக்காரிக்கு சாம்பல் ஏதுன்னா?

நீங்க ப்ரூப் பாக்கப் போயிருக்கலாம் நானா.

எங்க ஆளுகள்ல பொம்பளைங்க மயானத்துக்குப் போறதில்ல. வாசல் வரைக்குந்தான். உங்க பக்கமும் மையத்துவாடிக்குப் போறதில்லையாமே. சரி, அதுலயாவது நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒத்துமை. ஆனா உங்களுக்கு ஒரு எடமாவது இருக்கும், இன்ன மூலையில படுத்திருக்காங்கன்னு. எங்க அண்ணன் மறுநா வெள்ளனப் போயி சட்டியில வாங்கிக்கிட்டு, நேரா கெட்டம்பேயில ஆத்துல கரைச்சிட்டு, முழுகிட்டு வந்துட்டாரு. ஒரு பிடி எனக்குக் குடுங்கன்னு முந்தின நாளே கேட்டேன். வீட்டுல வைக்கக்கூடாது, ஆகாதுன்னுட்டாரு. வெறுங்கையோட வந்து நின்னாரு. அதுல இருந்துதான் சட்டின்னு காதுல விழுந்தா எனக்கு ஆகிறதில்ல.

அண்ணன் போனது சதீஸ்குமாரோட ஆட்டோவுல. எங்க தெருப் பையன்தான், அவன் பொண்டாட்டிக்கு சுந்தரிதான் எல்லாம் பாத்துப் பாத்து எடுத்துக் குடுப்பா. நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அண்ணன் வீட்டுக்குள்ள போனதும் அவனே மாடிக்கு வந்து, சட்டைப் பையில இருந்து ஒரு பொட்டலத்த எடுத்துக் குடுத்தான். பெரியம்மா, யாருக்கும் சொல்லிராதீங்கன்னான். இப்ப உங்ககிட்ட சொல்றேன்.

இந்தப் பையிலதான் இருக்கு. இந்தா, யோகட் கோப்பை. மூடி லேசு, அந்தக் காத்தாடிய கொஞ்சம் நிப்பாட்டுங்க.

ஏன் எழும்பிட்டீங்க? உங்களுக்கு சங்கடம்னா நான் வெளிய, அந்த மரத்தடியில வச்சுக் கலந்துக்கிறேன். இல்லையா? நல்லது. மண்ண மட்டும் நீங்க போடுங்க, இத என் கையால போட்டுக்கிறேன்.

அடுத்த பூ ரோஸா வந்துச்சுன்னா, அவ வேருக்குள்ள ஏறிட்டான்னு தெரிஞ்சுக்குவேன். வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது, சொல்லுங்க. ரோஸ் அவளுக்குப் புடிக்காது, கேக்கு மேல பூசுற கலரும்பா. திட்டுனா திட்டட்டும்.

அந்தக் கோலியஸ இன்னொருக்கா பக்கத்துல வைங்க நானா. அவசரமில்ல, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ரெண்டுக்கும் ஒத்துப்போகுமில்ல, இந்த ரவிக்கை?