விடுபட்ட எட்டு மெய்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. கணினி வேலைக்கு நான் வந்ததே அதனால்தான்.

இம்பாலில், காணாமல் போனவர்களுக்கான விசாரணை அலுவலகத்தில் வேலை. தாய்மார்கள் சொன்னதையெல்லாம் எனக்கு முன் இருந்தவர் பழைய எழுத்துரு ஒன்றில் எங்கள் மெய்த்தெய் எழுத்தில் அடித்து வைத்திருந்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும். யூனிகோடில் எங்கள் எழுத்துக்கும் இடம் கிடைத்த பிறகு, முந்நூற்றுப் பதினெட்டு வாக்குமூலங்களையும் அதற்கு மாற்றித் தரச் சொன்னார்கள். கைப்பட எழுதிய தாள்கள் அதற்குள் வெள்ளத்தில் ஊறிப்போயிருந்தன.

மாற்றுமுன் ஒவ்வொன்றாகப் படித்தேன். சந்தையில் மீன் விற்கும் இபெம்ஹால் என்ற தாய், தன் மகன் லான்சென்பாவை வயலிலிருந்து இழுத்துப்போன போலீஸ்காரரின் பெயரைச் சொல்லியிருந்தார். நிங்தெம். என் அண்ணன்.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். மறுநாள் காலைச் சோற்றின்போது கேட்டேன்.

"மேல சொன்னாங்க, செஞ்சேன். நீ உன் வேலையப் பாரு."

அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு வேறு என்ன வழி இருந்தது, சொல்லுங்கள்.

ஒரு பெயரை மட்டும் மாற்றினால் கண்ணில் படும். எங்கள் எழுத்துகளுக்குத் தலை, கண், காது என்று உறுப்புகளின் பெயர்தான். அசையின் முடிவில் மெய்யாக நிற்பதற்கென்று அவற்றில் எட்டுக்குத் தனி வடிவம் உண்டு. அந்த எட்டையும் விட்டுவிடும்படி நிரல் எழுதினேன். நிங்தெம், நிதெ ஆனார். லான்சென்பா, லாசெபா ஆனான். எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். பழைய கோப்புகளை அழித்துவிட்டு, குறியீட்டில் ஏதோ கோளாறு என்று அதிகாரியிடம் சொன்னேன். கணினி செய்த தவறென்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பெயர்கள் எந்தப் பதிவோடும் பொருந்தவில்லை என்று விசாரணைக் குழு அத்தனையையும் தள்ளிவிட்டது.

அடுத்த வாரம் இபெம்ஹால் வந்தார். நான் யாருடைய தம்பி என்று அவருக்குத் தெரியாது. படிக்கவும் தெரியாது.

"எழுத்து கெட்டுப்போச்சாமே, இபுங்கோ. நான் மறுபடி சொல்றேன். நிதானமா அடி," என்றார். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மகனின் முழங்கால் வரை சேறு இருந்ததையும், கழுவிக்கொள்ளக்கூட அவர்கள் விடவில்லை என்பதையும் சொன்னார். அழவில்லை. நேராக யூனிகோடிலேயே அடித்தேன். இந்த முறை நிரல் எதுவும் இல்லை, என் விரல்கள்தான். அண்ணன் பெயர் வந்த இடத்தில் நிதெ என்று அடித்தேன்.

"அந்தப் போலீஸ்காரன் பேரு சரியா வந்திருக்கா? வாசிச்சுக் காட்டு."

"நிங்தெம்" என்று வாசித்தேன்.

தலையசைத்தார். கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டு, "இனி அப்படி ஒருத்தன் இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது," என்றார்.

முந்நூற்றுப் பதினெட்டையும் தெரிந்தேதான் கெடுத்தேன், இபெம்ஹால் மறுபடி சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அம்மாவின் காதிலாவது சரியான பெயர் விழட்டும் என்றுதான் அப்படி வாசித்தேன். அந்த அளவுக்கு இரக்கம் இல்லாதவன் அல்ல நான்.