ராமாத்தாள் சொன்ன பொய்

செங்கோடன், வயது 54, த/பெ காளியப்பன், துடியலூர் அருகே தோட்டத்துச் சாளை. மேற்படி நபர் மனு விசாரணைக்கு நேரில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்படி விலாசத்தில் விவசாயம் பார்த்தும் இரண்டு கறவை மாடுகள் வைத்தும் பிழைத்து வருகிறேன். என் மனைவி ராமாத்தாள் சென்ற மாதம் சினைப்பைப் புற்றுக்கட்டியால் இறந்துபோனாள். அவளுக்கு முதலில் ஸ்கேன் எடுத்த மையத்தின் மீது நான் மனு கொடுத்தேன். மூத்திரப்பை நிறைந்திருப்பதாக நோயாளியே பொய் சொன்னதால்தான் கட்டி தெரியாமல் போனது என்று அவர்கள் எழுதிக் கொடுத்த பதிலை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அவள் பொய் சொன்னது நிஜம்தான்.

சென்ற தை மாதம் அடிவயிறு கனக்கிறது என்று அவள் சொன்னதன் பேரில் மேற்படி மையத்துக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். காலையில் போன எங்களை மதியம் தாண்டியும் கூப்பிடவில்லை. அடக்க முடியாமல் அவள் கழிப்பறைக்குப் போய்வந்தாள். அதன் பின்பு எங்களுக்கு முன்னால் உள்ளே போன ஒரு அம்மாளை, இன்னும் நிறையவில்லை, மறுபடி தண்ணீர் குடியுங்கள் என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்தோம். அடுத்து இவளைக் கூப்பிட்ட பெண், "ஏனுங்கம்மா, ஃபுல்லாயிருச்சுங்களா?" என்று கேட்டதற்கு, சாயங்காலம் பால் கறக்க ஆளில்லையே என்ற பதற்றத்தில், "ரொம்பிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரையைப் பார்த்த டாக்டர், இன்றைக்கு வந்தவர்களிலேயே இவருக்குத்தான் நன்றாக நிறைந்திருக்கிறது என்று சொன்னாராம். எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, "மெசினையே ஏமாத்திப்போட்டனுங்க" என்றாள். நானும் சிரித்தேன்.

அதன் பின்பு வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. ஆடி மாதம் கோயமுத்தூரில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் ஹுமேரா, பாதியில் நிறுத்தி, "ஒருக்கா பாத்ரூம் போயிட்டு வாங்கம்மா" என்று அனுப்பினார். போய்வந்து படுத்த பின்பும் திரையில் தெரிந்த தண்ணீர் குறையவில்லை. அது மூத்திரப்பை இல்லை, நீர்கோத்த கட்டி, பக்கத்திலும் பரவிவிட்டது என்று என்னை வெளியே அழைத்துச் சொன்னார். ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை.

கடைசி வரை அவள், "நாந்தானுங்க பொய் சொல்லிப்போட்டேன், அந்த டாக்டரைத் திட்டாதீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை போய்வரச் சொல்லிப் பார்த்திருந்தால் தை மாதமே தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்க வேண்டியது படித்தவர்கள் வேலை, மாட்டுக்காக அவசரப்பட்டவள் வேலை இல்லை. இதை எத்தனையோ முறை சொல்லியும் அவள் நம்பாமலே போய்விட்டாள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

இந்த வாக்குமூலத்தில் 'நோயாளியின் தவறும் உண்டு' என்று எழுதப்பட்டிருந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். ஆய்வாளர் அடித்துக் காட்டினார். அதன் பின்பு முழுவதையும் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) கா. செங்கோடன்,
ராமாத்தாளின் கணவன்