நட்சத்திரம் கட்டுன வீடு

கிட்ட வாங்கலே. கிறிஸ்மஸ் கேரல் பாடக் கிளம்ப இன்னும் நேரம் கெடக்கு. மொதல்ல அந்தச் சன்னலைச் சாத்து... இது நம்ம ஜோபினோட சித்தி மக, ஸ்வீட்டி டீச்சருக்கு நடந்தது. சிரிக்கிறவன் இப்பவே எந்திரிச்சுப் போயிரு.

ரெண்டு வருசத்துக்கு முந்தின டிசம்பர். மணி ராத்திரி ஒன்றரை. தாயில்பட்டி ரோட்டுல கடைசி வீடு. அதுக்கு அங்கிட்டு கரிசக்காடு, காட்டைத் தாண்டினா பட்டாசு ஷெட்டு. ரோட்டுல ஒரு நாய்கூட இல்ல. வீட்டுக்குள்ள மூணு பேரு... ஸ்வீட்டி, நாலு வயசு மக, மாமனார் செல்வநாயகம். புருசன் அருள்பிரகாஷ் மே மாசம் அந்த ஷெட்டு வெடிவிபத்துல போயிட்டான். கூட வேலை பார்த்த ஆறு பேரும் அவனோட போயிட்டாக.

அந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஆதியில ரெண்டே பேருதான் அரிக்கேன் லைட்டைத் தூக்கிக்கிட்டு கேரல் பாடக் கிளம்புனாகளாம். பாடுற வீட்டுல இருந்து ஒரு ஆளு கூடச் சேர்ந்துக்கிடணும். வீட்டுக்கு ஒரு ஆளாச் சேர்ந்து, விடியுறப்ப ஊரே கோயில் வாசல்ல நின்னுச்சாம். அதுவே நிலைச்சுப் போச்சு. இன்னைக்கும் ஒரு ஆளு வராம கேரல் வாசலை விட்டு நகராது.

துக்க வீட்டுல மட்டும் அந்த வருசம் வாசல்ல நட்சத்திர லைட்டு கட்ட மாட்டாக. ஏசு பொறந்தப்ப அவரைப் பார்க்க வந்த சாஸ்திரிகளுக்கு வழி காட்டுனதுல்ல அது? கட்டுனா, வாங்கன்னு கூப்பிட்டதா அர்த்தம். கட்டாத வீட்டை விட்டுட்டுக் கேரல் தாண்டிப் போயிரும்.

ஸ்வீட்டி கட்டிட்டா. பாவம், வேற என்ன செய்வா? பிள்ளை நாலு நாளா ஒரே அழுகை. "அப்பாதான் இல்ல, ஸ்டாருமா இல்ல?"ன்னு கேட்டா எந்தத் தாய்க்கு மனசு கேக்கும்?

கட்டுனதுல இருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளல. படுக்கா, எந்திரிக்கா, தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கா. மாமனார் எட்டு மணிக்கே கஞ்சியக் குடிச்சிட்டு உள் ரூம்ல படுத்துட்டாரு.

அப்ப... டம். டம். மேளச் சத்தம்.

கேரல் எப்பவும் கோயில் தெருவுல இருந்துதான் வரும். இது காட்டுப் பக்கம் இருந்து வருது. பாட்டு கிட்ட வந்துச்சு... தெரிஞ்ச பாட்டுத்தான். கதவுக்கு அடியில ஒரு வாடை நுழைஞ்சுச்சு. கரிமருந்து வாடை. அதோட துணி கருகுன வாடை.

சன்னல் இடுக்குல பார்த்தா. நட்சத்திர வெளிச்சத்துல ஏழு பேரு. மூஞ்சி தெரியல. ஆனா அந்த ஒரு குரல்... அது யாரு குரல்னு அவளுக்குத் தெரியாதா?

பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். ஒரு தடவை பார்த்துருவோமேன்னு கை தாழ்ப்பாளுக்குப் போயிருச்சு. அதுக்குள்ள பிள்ளை முழிச்சு, "அப்பா"ன்னு கதவுக்கு ஓடி வருது. ஸ்வீட்டி தாவிப் பிடிச்சா. நட்சத்திர ஸ்விட்சை அமத்துனா. வெளிச்சம் போச்சு. பாட்டு போகல. கடைசி அடியையே திருப்பித் திருப்பிப் பாடுறாக. ஒரு ஆளு வரணுமே... பிள்ளை கையில திமிறுது. ஏலே, அசையாம இருங்கலே, நான் சொல்லி முடிக்கிறவரைக்கும்.

இருட்டுல, பின்னாடி இருந்து மாமனார் குரல். "பிள்ளையை விட்டுராத தாயி. நான் போறேன்."

"வேண்டாம் மாமா..."

"ஒரு ஆளு போனாத்தான் நகருவாங்க. எம் மகன்தானம்மா."

அவ தோளை உரசிக்கிட்டுப் போனாரு. தாழ்ப்பாள் திறக்குற சத்தம். மேளம் காட்டுப் பக்கமே போயி... அடங்கிருச்சு.

அரை மணி கழிச்சு நெசக் கேரல் வந்துச்சு. இருட்டு வீடு, கதவு மட்டும் திறந்து கிடக்கேன்னு எட்டிப் பார்த்தாக. ஸ்வீட்டி பிள்ளையைக் கட்டிக்கிட்டுத் தரையில இருக்கா. "காட்டுக்குப் போயிட்டாக, மாமாவைத் தேடுங்க"ன்னு கதறுறா.

கூட வந்த ஜாஸ்பின் நர்ஸு உள் ரூம்ல லைட்டைப் போட்டா. பெரியவர் கட்டில்லதான் கிடக்காரு, கழுத்து வரைக்கும் போர்வை. தொட்டுப் பார்த்தா. விறைச்சுப் போயிருக்கு. "இவுக உசுரு போயி அஞ்சாறு மணி நேரம் இருக்கும்"னு மெதுவாச் சொன்னா.

போர்வையை விலக்குனாக. ரெண்டு காலும் முழங்கால் வரைக்கும் கரிசல் சேறு. ஈரம் காயல. கட்டில்ல இருந்து வாசல் வரைக்கும் சிமெண்டுத் தரையில ஒரு பொட்டு மண்ணு இல்ல.