பானட் ஏன் சுடுது?

– கையை வச்சுப் பாருங்க ப்ரோமல் சார். நீங்களே வச்சுப் பாருங்க, பானட் எப்படிச் சுடுதுன்னு.

– வெயில் காலம் மரைக்கேம்மா. சுடாம?

– எந்த வெயிலு? இப்பத்தானே ஷெட்டுக் கதவைத் தூக்கினீங்க. உள்ள சில்லுனு இருக்கு, பானட் மட்டும் கொதிக்குது. போன்ல நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்? நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, இன்ஜின் ஆறி இருக்கணும்னு?

– பண்ணலையே! என் ரொட்டி அடுப்பு மேல ஆணையா சொல்றேன், இன்னிக்கு இந்த வண்டியை நான் தொடவே இல்ல. விடியறதுக்கு முன்னாடி பேக்கரிக்குப் போனவன், வேலை முடிஞ்சு சைக்கிள்ல நேரா இங்க வந்து நிக்கிறேன். சட்டையில மாவைப் பாரும்மா!

– பழைய டீசல் வண்டி விக்கிறவங்க எல்லாருக்கும் இப்படி ஒரு ஆணை இருக்கும் சார். ஆறின இன்ஜினைத் தட்டி எழுப்பினாத்தானே அதோட வண்டவாளம் தெரியும்? இன்ஜினுக்குள்ள இருக்கிற செயின் தளர்ந்திருந்தா கடகடன்னு கத்தும். டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் போயிருந்தா வெள்ளையா புகை கக்கும். முன்னாடியே சூடு பண்ணி வச்சுட்டா, ஒண்ணுந் தெரியாத பாப்பா மாதிரி உக்காந்திருக்கும்.

– அட ஆண்டவா. புகைபோக்கி துடைக்கிற பொண்ணு வண்டி பாக்க வர்றான்னதும் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உங்க சட்டைப் பொத்தானைத் தொட்டா அதிர்ஷ்டம்னு ஊரே சொல்லுது. நீ என்னடான்னா வந்ததும் வராததுமா என்னைப் பொய்யனாக்கிட்டே!

– பொத்தானை அப்புறம் தொடலாம். கொஞ்சம் தள்ளுங்க, சைலன்சர் குழாயைப் பாக்கணும்.

– விரலை ஏம்மா உள்ள விடுறே? சூடு!

– தினமும் கரியோட பொரள்றவ சார் நான். கரி விஷயத்துல என்னை ஏமாத்த முடியாது. விரல்ல கருப்பா ஒட்டுச்சுன்னா கரியைப் பிடிக்கிற ஃபில்டர் உடைஞ்சிருக்கு, இல்ல யாரோ புடுங்கி எறிஞ்சுட்டாங்கன்னு அர்த்தம். பாத்துருவோம்... அட. சுத்தமா இருக்கு.

– நான் சொன்னேன்ல!

– இருங்க, துள்ளாதீங்க. இந்த வண்டி பேக்கரிக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான் போகும், அதுவும் மழை பெஞ்சா மட்டும்னு சொன்னீங்கல்ல?

– ஆமா. மத்த நாள் சைக்கிள்தான். உண்மையை மறைக்க மாட்டேன்.

– அப்படிக் கொஞ்சக் கொஞ்ச தூரம் ஓடினா டீசல் வண்டிக்கு ஆகவே ஆகாது. சேர்ந்த கரியை எரிக்கிற அளவுக்குச் சூடே ஏறாது. எரியாத டீசல் ஆயில்ல இறங்கி, ஆயில் மட்டம் ஏறும், நாத்தம் அடிக்கும். பானட்டைத் திறங்க. ஆயில் கம்பியை உருவிப் பாத்துருவோம்.

– பாரு, பாரு. நல்லாப் பாரு.

– மட்டம் சரியா இருக்கு. மோந்து பாத்தாலும் டீசல் வாசமே இல்ல. சார், இது பேக்கரி வண்டி இல்ல. நெடுஞ்சாலையில வெரட்டி வெரட்டி ஓட்டின வண்டி. இந்த இன்ஜின் என்னை விட ஆரோக்கியமா இருக்கு!

– அப்ப நல்லதுதானே? ஏன் மொறைக்கிறே?

– நல்ல வண்டிதான். சொல்றதுதான் பொய்யா இருக்கு! இங்க முன்னாடி வந்து பாருங்க. நம்பர் பிளேட் முழுக்கப் பூச்சி. இன்னும் காயக்கூட இல்ல. பேக்கரிக்குப் போற வழியில இவ்வளவு பூச்சி வந்து அடிக்குமா, அதுவும் ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டியில?

– எனக்கு ஒண்ணும் புரியலையே மரைக்கேம்மா...

– உள்ள உக்காந்து சாவியைப் போடுங்க. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பாப்போம்.

– ஆ! அய்யோ, முட்டி! முட்டி மாட்டிக்கிச்சு! சீட்டை யாரு இவ்வளவு முன்னாடி இழுத்து வச்சது?

– கண்ணாடியும் கீழ பாத்துட்டு இருக்கு. வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு, மீட்டர்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க.

– ஒரு லட்சத்து... இல்லையே. இருக்காதே. பனிக்காலம் முடிஞ்சு குளிர்கால டயரைக் கழட்டும்போது நான் பாத்தேனே! அதுக்கப்புறம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஏறியிருக்கு! மழையே சரியாப் பெய்யலையே இந்த வருஷம்!

– மீட்டரைக் குறைச்சு வச்சு விக்கிற ஆளுங்களை எக்கச்சக்கமாப் பாத்திருக்கேன் சார். ஏத்தி வச்சு விக்கிற முதல் ஆள் நீங்கதான். தொப்பியைக் கழட்டிக் கும்பிடுறேன்.

– சிரிக்காதே. மீட்டர்ல நான் கையே வைக்கல.

– சரி, ஒண்ணு கேக்கிறேன். ஆறு சிலிண்டர், ரெண்டு கதவு, கரும்பச்சை, இவ்வளவு அழகு. தடவித் தடவிப் பேசுறீங்க. அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?

– என் பெஞ்சாதிக்காக.

– வையறாங்களா?

– ஹைட்ருனா? ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா பயம். வேகம்னாலே அவளுக்கு உயிர் போயிடும். பதினோரு வருஷமா இந்த வண்டியில என் பக்கத்துல உக்காந்து வர்றா. நெடுஞ்சாலையில ஏறினதும் கண்ணை இறுக்க மூடிக்குவா. நானும் பாவமேன்னு மெதுவாத்தான் ஓட்டுவேன். அப்பவும் திறக்க மாட்டா. நாளைக்கு அவளுக்கு அறுபதாவது பொறந்தநாள். இதை வித்துட்டு, கூரை உசந்ததா, பூனை மாதிரி போற மின்சார வண்டி ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். காலையில ரிப்பன் கட்டி வாசல்ல நிறுத்தணும். இனிமேலாவது அவ கண்ணைத் திறந்து ஊரைப் பாக்கட்டும்மா.

– இது தெரியாம உங்களைத் திட்டிட்டேனே சார்.

– எனக்கு மட்டும் வலிக்கலைன்னா நினைக்கிறே? நேத்து வந்து இந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். யார்கிட்டயும் சொல்லிடாதே.

– அப்ப இந்த வண்டியை வேற யாரோ எடுத்துட்டுப் போறாங்க. இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?

– வீட்ல ஆணியில தொங்குது. ஹைட்ருனுக்கு அந்த ஆணி எந்தச் சுவத்துல இருக்குன்னே தெரியாது.

– டிக்கியைத் திறங்க, பின்னாடி பாத்துருவோம். மழைத் தண்ணி உள்ள இறங்கியிருக்கான்னும் பாக்கணும்... தண்ணி இல்ல. ஆனா இங்க ஒரு பை இருக்கு. நீலப் பை.

– குடு இங்க. இது ஹைட்ருனோடது! நீச்சல் குளத்துக்கு எடுத்துட்டுப் போற பை!

– உள்ள நீச்சல் உடை, துண்டு. ரெண்டும் காஞ்சு கெடக்கு. துண்டுல மடிப்புக்கூடக் கலையல.

– அவ இப்ப நீச்சல் குளத்துல தண்ணிக்குள்ள உடற்பயிற்சி பண்ணிட்டு இருக்கா. காலையில நான் பேக்கரியில இருந்து வந்து தூங்கினதும் கிளம்பிடுவா. வாரத்துல நாலு நாள் போறா. உடையே இல்லாம எப்படி... மரைக்கே. என் பெஞ்சாதி எங்கம்மா போறா? எவன் கூடப் போறா?

– சார், சார், உக்காருங்க. அந்த டயர் மேல உக்காருங்க. மூச்சு விடுங்க.

– முப்பத்தி நாலு வருஷம்...

– இங்க பாருங்க. நான் ஒரு வார்த்தை தர்றேன். இந்த வண்டியைச் சூடு பண்ணினது நீங்க இல்லைன்னு தெரிஞ்சா, ஒரு பைசா குறைச்சுக் கேக்க மாட்டேன். நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன். சம்மதமா? கை கொடுங்க.

– கை என்ன, மாவுக்கையே கொடுக்கிறேன். இந்த ஊர்ல கை கொடுத்தா கொடுத்ததுதான். பேச்சு மாற மாட்டேன்.

– எக்கார்ட்? ஏய், எக்கார்ட்டு! நீ இங்க என்ன பண்றே? பேக்கரியில இல்லாம?

– ஹைட்ருன்! நீ இங்க என்ன பண்றே? குளத்துல நீந்தாம?

– நானா... பையை மறந்துட்டேன். எடுக்க வந்தேன்.

– எங்க மறந்தே?

– அது... யாரு இந்தப் பொண்ணு, கருப்புச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமா? புகைபோக்கிக்காரியா? நல்ல சகுனமாச்சே!

– பேச்சை மாத்தாதேடி. பை இந்த வண்டியில இருந்துச்சு. சீட்டு உன் உயரத்துக்கு இருக்கு. பானட் கொதிக்குது. எவன்டி ஓட்டிட்டுப் போறான் உன்னை?

– எவனா? அட லூசு மனுஷா! எவனுக்கு என்னை ஓட்டத் தெரியும்? நானேதான்யா ஓட்டுறேன்!

– நீயா?

– நானேதான். நீ குறட்டை விட ஆரம்பிச்சதும் சாவியை எடுத்துட்டு ஓடி வந்துடுவேன். இன்னிக்கு நீ வர லேட்டாகும்னு சொன்னியேன்னு முன்னாடியே கிளம்பினேன், அந்த அவசரத்துல சீட்டைப் பழையபடி தள்ளி வைக்கக்கூட மறந்துட்டேன். ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை, நார்ட்ஹைம் வரைக்கும், அங்க ஒரு காப்பி, திரும்பி வந்துடுவேன். டீசல் என் காசு, ஆயில் மாத்தினது என் காசு. இன்ஜின் சூடேறுற வரைக்கும் விரட்ட மாட்டேன், வந்ததும் உடனே அணைக்க மாட்டேன். உன்னை விடப் பத்திரமா வச்சிருக்கேன், திட்டாதே.

– ஹைட்ருன் அம்மா, ஆயிலை நான் பாத்தேன். அவ்வளவு சுத்தம். உங்க கையில முத்தம் கொடுக்கலாம்.

– சந்தோஷம்மா. ஆனா நீ எதுக்கு என் வண்டி ஆயிலைப் பாத்தே?

– அது... சார் சொல்லுவாரு.

– நாளைக்குச் சொல்றேன் ஹைட்ருன். பொறந்தநாள் விஷயம். ஒரு நாள் முன்னாடியே அதைப் பத்தி வாயைத் திறந்தா கெட்டது வரும்னு ஊர்ல சொல்றது உனக்கே தெரியும்.

– நான் ஒருத்தி எதுக்கு நிக்கிறேன்? இந்தாங்க, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பொத்தானைத் தொட்டுக்கோங்க. தொட்டாச்சா? எந்தக் கெட்டதும் வராது. இப்ப சொல்லுங்க சார்.

– வண்டியை... வித்துட்டேன்மா. இவளுக்கு. கை கொடுத்தாச்சு.

– என்னது?

– உனக்காகத்தான்! கூரை உசந்த மின்சார வண்டி ஒண்ணு வாங்கி...

– வித்துட்டியா? எக்கார்ட்டு, என் உயிரைக் கேட்டிருந்தாக்கூடக் கொடுத்திருப்பேனே. இதையா விப்பே? வாரம் பூரா அந்தக் கடையில நின்னு ரொட்டி வித்துட்டு, இது ஒண்ணுதான்யா எனக்குன்னு இருந்துச்சு!

– அழாதேடி. நான் என்னத்தைக் கண்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– நீதான் இதைக் குழந்தை மாதிரி தொடைச்சுத் தொடைச்சு வச்சிருந்தியே. ஒரு நாளாவது, இந்தா நீ ஓட்டுன்னு சாவியை நீட்டினியா? மரைக்கே, நீ நல்ல பொண்ணா இருக்கே. என் கடை வேணுமா, எடுத்துக்கோ. இவன் வேணுமா, கூட்டிட்டுப் போ. வண்டியை மட்டும் விட்டுடு தாயி.

– கை கொடுத்தாச்சேம்மா. சார் பொய் சொல்லலைன்னும் ஆயிடுச்சு. எனக்கும் இது வேணும். என் ஆளு கீல்ல இருக்கான். வாராவாரம் ரயில்ல போறேன், ஏறினா ரயில் லேட்டு, எறங்கினா அடுத்த ரயில் போயிருக்கும். மூணு மாசமா அலைஞ்சதுல மனசுக்குப் பிடிச்ச ஒரே வண்டி இது.

– கீலா? கடல் ஓரத்துல இருக்கே, அந்தக் கீலா?

– அதேதான்.

– போக வர எவ்வளவு தூரம்! வெள்ளிக்கிழமையானா நான் கொண்டுபோய் விடுறேன். ஞாயித்துக்கிழமை நானே வந்து கூட்டிட்டு வர்றேன். நார்ட்ஹைமுக்கே போய்ப் போய் அந்தக் காப்பி எனக்குக் கசந்துபோச்சு. எனக்கும் போறதுக்கு ஒரு ஊர் வேணும்ல?

– நெஜமாவா?

– பொத்தானைத் தொட்டுச் சொல்றேன்.

– சரி சார், உங்க கையை நீட்டுங்க. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிறேன். ஆனா என்னிக்காவது விக்கிறதா இருந்தா முதல்ல என்கிட்டத்தான் சொல்லணும். அப்புறம் அந்த மின்சார வண்டி?

– அதை இவனே வச்சுக்கட்டும். வீட்டுக்கும் பேக்கரிக்கும் போறதுக்கு அதுதான் சரி. ஏறுங்க ரெண்டு பேரும். கோட்டிங்கன் டவுன்ல மரைக்கேவை விட்டுடுவோம்.

– நானா? என் வண்டியில இந்தப் பக்கமா?

– அந்தப் பக்கந்தான். பெல்ட்டைப் போடு.

– பின் சீட்டுல என் முட்டி தாடையில இடிக்குதும்மா!

– அழகுக்குன்னு வாங்கின வண்டி, கொஞ்சம் பொறுத்துக்கோ. எக்கார்ட்டு, ஏன் இப்பவே கதவைப் பிடிச்சுக்கிறே? நெடுஞ்சாலைக்கே இன்னும் வரல.

– உனக்கு கியர் போடவெல்லாம் தெரியுமா?

– நல்லாக் கேட்டீங்க போங்க. சார், இந்தம்மா கியர் மாத்தினதே எனக்குத் தெரியல!

– வேக வரம்பு முடிஞ்சுது, இனி எவ்வளவு வேகம் வேணாலும் போலாம்னு பலகை வருது. தயாரா?

– ஹைட்ருன், மெதுவா. ஹைட்ருன்! நூத்தி எண்பதுடி! மெதுவாடீ!

– கத்தாதே. கண்ணை மூடிக்கோ.

– எதுக்கு? சாகும்போது பாக்கக்கூடாதுன்னா?

– மூடுய்யா சொல்றேன். மூடிட்டியா? பேசாம இரு. இப்ப என்ன கேக்குது?

– காத்து... டயரு... இரு, இரு. அடியில இருந்து ஒரு சத்தம். சன்னமா ஆரம்பிச்சு... அப்படியே ஏறி ஏறி... அடேயப்பா. பாடுற மாதிரி இருக்கு ஹைட்ருன். பதினோரு வருஷம் ஓட்டியிருக்கேன், இதைக் கேட்டதே இல்லையே!

– கண்ணைத் திறந்து வச்சிருந்தா எப்படிக் கேக்கும்? இதைக் கேக்கத்தான்யா, இத்தனை வருஷமா உன் பக்கத்துல நான் கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தேன்.