கழுத்தில் விழுந்த வெளிச்சம்

மேடையில் வீற்றிருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் அவர்களே, துயரோடு கூடியிருக்கும் பெர்கமோ நகரத்துப் பெரியோர்களே, சக கலைஞர்களே! என் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுகையால் மட்டுமல்ல, பயத்தாலும்தான் நடுங்குகிறது.

மறைந்த ஓவியப் பெருந்தகை தோனாத்தோ வெர்கானி அவர்களின் பட்டறையில், அவர் படங்களுக்குப் பதினோரு ஆண்டுகள் உடை தீட்டியவள் நான். முகம் அவருடையது, பட்டும் லேஸும் என்னுடையவை. "உடை ஊருக்குச் சொல்றத நீ வரை பிரிஜிதா, முகம் சொல்றத நான் பாத்துக்கறேன்" என்பார்.

போன குளிர்காலத்தில் கோமான் ரம்பால்தோ தம் இளம் மனைவி ஒர்சோலாவைப் படமாக்கச் சொன்னார். மகள் நலம் என்று ப்ரெஷ்யாவில் இருக்கும் அவள் தந்தைக்குக் காட்ட! ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தோம். வெளிச்சம் கழுத்தில் விழுந்தது. பவுடருக்கு அடியில் ஐந்து விரல் தடம்! பெருந்தகை கண்டதைக் கண்டபடி தீட்டினார். நான் என்ன செய்தேன்? கோமான் பார்க்க வருவதற்கு முதல் நாள், அந்தத் தடத்தின்மேல் உயரமான லேஸ் பட்டி ஒன்றை வரைந்து மறைத்தேன்.

கோமான் வந்தார். "என்னய்யா, மூஞ்சில சிரிப்பையே காணோம்?"

"அந்தம்மா சிரிக்கட்டும் கோமானே, வரையறேன்" என்றார் பெருந்தகை.

"லேஸ் ஜோரா இருக்கு. போதும், அனுப்பிடு."

அவர் போனதும் பெருந்தகை துணியை டர்பன்டைன் எண்ணெயில் நனைத்து, காயாத என் லேஸைத் துடைத்தார்.

"ஐயா, வேணாம். நம்மள உயிரோட விடமாட்டாரு!"

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. அந்தப் பொண்ணு பயத்தவிடவா?"

படம் போன ஒரே வாரத்தில் தந்தை வந்தார். மகளை அழைத்துச் சென்றார். வழக்கும் தொடுத்தார். தடம் ஓவியரின் கற்பனை என்கிறார் கோமான். வியாழக்கிழமை சாட்சி சொல்லவேண்டிய பெருந்தகை, திங்களன்று பட்டறைப் படிக்கட்டின் கீழே பிணமாகக் கிடந்தார். கால் தவறியதாம்! முப்பது ஆண்டுகள் ஏறி இறங்கிய படியில் கால் தவறுமா? எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன்.

நேற்று கோமானின் காரியக்காரர் என் வீட்டுக்கு வந்தார். "லேஸ் நல்லா வரைவியாமே. லேஸோட நிறுத்திக்க" என்றார்.

பெரியோர்களே! நாளை வியாழன். அன்று பட்டறையில் அந்தக் கழுத்தைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான். நான் மறைத்ததையும் பெருந்தகை திறந்ததையும் நீதிபதி முன்னால் சொல்வேன். இது அவருக்கு நான் தரும் வாக்கு. ஆனால் தனியாக நடக்க எனக்குத் துணிவில்லை. காலை எட்டு மணிக்கு என் வீட்டு வாசலுக்கு வாருங்கள். யாரும் வராவிட்டாலும் புறப்படுவேன். இருந்தாலும், வாருங்கள்.