‘தாங்கும்’ என்று நான் எழுதிய வாக்கியம்

அவைத்தலைவர் திருமதி ஓர்த்தா பிளெவின்ஸ் அவர்களே, வெர்னாவுக்கு அஞ்சலி செலுத்த வந்து, இந்தச் சமூகக்கூடம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் பள்ளத்தாக்கு மக்களே, வணக்கம். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மன்னியுங்கள்.

முனைவர் வெர்னா டிரிஸ்கால் யார்? இந்த நெவாடா பாலைவனத்தில், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத மீனுக்காக முப்பது ஆண்டு குப்புறப் படுத்துக் கிடந்தவர். ஜனவரியில் ஊற்றோரம் பனிக்கட்டி உடைத்து, சேற்றில் புதைந்த மீன்களை எண்ணியவர் அவர். ஆகஸ்டில் வெந்நீரில் கைவிட்டு எண்ணியவரும் அவரே.

ஆய்வகத்தில் அவரும் நானும் தொட்டி நீரை மெல்ல மெல்லச் சூடாக்குவோம். மீன் நிலைதடுமாறிப் புரளும் கணம்தான் அதன் எல்லை. அடுத்த நொடியே அதைக் குளிர்ந்த நீருக்கு மாற்றி, “எந்திரிடா கண்ணு, முடிஞ்சு போச்சு” என்பார் வெர்னா. அது நீந்தும்வரை நகரமாட்டார்.

நான் என்ன செய்தேன்? எல்லையைக் குறித்து, அறிக்கையில் எழுதினேன்: “இம்மீன் நாற்பத்திரண்டு டிகிரி வரை தாங்கும்.”

பொய்யில்லை. ஆனால் ஊற்றுக்கு மேலே ஆழ்குழாய் போட விரும்புகிறவர்கள் பதினொரு ஆண்டுகளாக அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். நிலத்தடி நீர் இறங்கினால் ஊற்றுக்குளம் ஆழம் குறைந்து கொதிக்கும். கொதித்தால் என்ன, மீன் தாங்குமே என்கிறார்கள்!

முன்வரிசையில் இருக்கும் விவசாயி ஹாலிஸ் அவர்கள் காப்பிக்கடையில் கேட்டது நினைவிருக்கும். “மீனு தாங்கும்னு உங்க ஆளே எழுதியிருக்காரேம்மா. அப்புறம் என்ன வம்பு?”

வெர்னா கோப்பையை வைத்தார். “நீயுந்தான் ஆகஸ்ட் வெயிலத் தாங்குற, ஹாலிஸ். அந்த வெயில்ல நடுரோட்டுல குடும்பம் நடத்திப் புள்ள பெத்துக்குவியா?”

கடையே சிரித்தது. ஹாலிஸும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் முப்பத்தெட்டு டிகிரித் தொட்டியில், முட்டையிட நாங்கள் தொங்கவிட்ட பச்சைக் கம்பளி நூலை வெர்னா என் மேசைமேல் போட்டிருந்தார். நாற்பது நாளாகியும் ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. தொட்டியில் பெரிய மீன்கள் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன.

“நீ எழுதினத நீயே வந்து அழி” என்றார். ஆழ்குழாய் அனுமதிக்கான அடுத்த விசாரணையில் பார்க்கலாம் என்றேன். மூன்று விசாரணைகள் போயின. என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் அவரே போய், என் பயத்தைக் காட்டிக்கொடுக்காமல் வாதாடினார். ஞாயிற்றுக்கிழமை ஊற்றிலிருந்து திரும்பும்போது வண்டியிலேயே அவர் மூச்சு நின்றது. பக்கத்து இருக்கையில் வியாழக்கிழமை இறுதி விசாரணைக்கான காகிதங்கள் இருந்தன.

அந்தக் காகிதங்கள் இப்போது என் கையில். ஹாலிஸ் அவர்களே, உங்கள் வயலுக்கு நீர் வேண்டும். தாராளமாக என்னை எதிர்த்துப் பேசுங்கள். என் வாக்கியத்தை மட்டும் இனிக் காட்டாதீர்கள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவர் நாற்காலியில் நான் உட்காருவேன். பச்சை நூலை மேசைமேல் வைப்பேன்.

எழுதியவனே வந்து அழிப்பான், வெர்னா.